வான்வழிக் கட்டுப்பாட்டு மென்பொருளும் மாணவரின் கோடைப்பணியும்

ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே வட அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இயங்கும் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பிலுள்ள வான்பரப்பு வழியாகச் செல்கிறது. ஏறத்தாழ 4 லட்சம் மக்களே வாழும் அந்நாடு காத்துவரும் இந்த வான்பரப்பு 54 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் பரப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம் என்பதால், மென்பொருள் இல்லாமல் அங்கே கட்டுப்பாட்டுப் பணியை நடத்துவதே அரிது.

ரேடார் அலைகள் நடுக்கடலை எட்டுவதில்லை. ஆகவே, விமானிகள் வானொலியில் அனுப்பும் இட அறிக்கைகள், செயற்கைக்கோள் வழியாக வரும் எழுத்துச் செய்திகள், விமானமே தன் இருப்பிடத்தை இடைவிடாது ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. என்னும் முறை ஆகியவற்றை ஒன்றுதிரட்டி, ஒவ்வொரு விமானமும் அடுத்து எங்கே இருக்கும் எனக் கணித்து, இரு விமானங்கள் விதித்த இடைவெளிக்குள் நெருங்கக்கூடும் என்றால் கட்டுப்பாட்டாளரை முன்கூட்டியே எச்சரிப்பது மென்பொருளின் வேலையாகிறது. இத்தகைய மென்பொருளை உருவாக்கிவரும் டெர்ன் சிஸ்டம்ஸ், 1997இல் தொடங்கப்பட்டு, அரசுக்குச் சொந்தமான இசாவியா குழுமத்தைச் சேர்ந்ததாக இயங்குகிறது.

கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊதியத்துக்கு வேலை செய்வது ஐஸ்லாந்தில் நெடுநாள் வழக்கம். பல்கலைக்கழக மாணவர்கள் அம்மாதங்களில் ஆய்வுப் பணிகளை மேற்கொள்ள நல்கை வழங்கும் மாணவர் புத்தாக்க நிதியம் அங்கே 1992 முதல் இயங்கிவருகிறது. ஆயினும் வான்வழிக் கட்டுப்பாடு போன்ற துறையில், மூன்று மாதம் மட்டுமே தங்கும் மாணவரிடம் எதை ஒப்படைப்பது என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அன்று. தரைநிலைய மென்பொருளுக்கு ஐரோப்பாவில் பின்பற்றப்படும் இ.டி.-109ஏ என்னும் தரநிலை, பிழையால் விளையக்கூடிய தீங்கின் அளவுக்கேற்ப ஆறு உறுதிநிலைகளை வகுத்து, ஒவ்வொரு தேவையும் எழுதிவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே, பணியிலிருக்கும் அமைப்பின் உட்பகுதியை மாணவரின் கையில் கொடுக்க இயலாது. அதைச் சுற்றியுள்ள கருவிகளே அவருக்குரிய களம்.

அக்களம் சிறிதன்று. கட்டுப்பாட்டாளரைப் பயிற்றுவிக்கும் சிமுலேட்டரில், விமானிக்குப் பதிலாக ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு கட்டளைக்கும் மறுமொழி கூறிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால், அவ்விடத்தில் பேச்சை அறியும் மென்பொருளை அமர்த்துவது மாணவர் ஆராய்வதற்கேற்ற பொருளாகிறது. விமானப் பேச்சு வரையறுக்கப்பட்ட சொற்றொடர்களால் ஆனது என்பது இதற்கு உதவுகிறது. பல நாட்டவரின் உச்சரிப்பும் வானொலி இரைச்சலும் இதைக் கடினமாக்குகின்றன. ரேடார் தரவுகளைப் பரிமாற யூரோகன்ட்ரோல் அமைப்பு பேணிவரும் ஆஸ்டெரிக்ஸ் என்னும் வடிவத்தைப் படித்துத் திரையில் வரைந்துகாட்டும் கருவியை எழுதுவதும், பழைய பதிவுகளை மீண்டும் ஓட்டிக் கணிப்புக்கும் உண்மைப் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பதும் அவ்வாறே ஏற்ற பணிகள்.

இவை அனைத்தினும் மதிப்புமிக்கது சோதனைப் பணி. 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் வான்வழிச் சேவை நிறுவனமான நாட்ஸ் அமைப்பின் பறத்தல்-திட்ட மென்பொருளுக்கு வந்த ஒரு திட்டத்தில், ஏறத்தாழ 4,000 கடல்மைல் இடைவெளியிலிருந்த இரு வழிப்புள்ளிகள் ஒரே குறியீட்டுப் பெயரைக் கொண்டிருந்தன. அதைப் புரிந்துகொள்ள இயலாத முதன்மை அமைப்பு பாதுகாப்புக் கருதித் தானே நின்றுவிட, அதே நிரலைக் கொண்ட மாற்று அமைப்பும் அதே தரவைச் சந்தித்து அவ்வாறே நின்றது. திட்டங்களைக் கையால் பதிய நேர்ந்ததால் விமானங்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டு, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். இத்தகைய அரிய சூழல்களைத் தேடித் தொகுத்து, மென்பொருளுக்கு ஊட்டிப் பார்க்கும் கருவியை உருவாக்குவது ஒரு கோடைக்குள் அடங்கும் வேலை. நெடுநாள் பழகியவர் இயல்பெனக் கொண்டுவிட்ட எடுகோள்களைப் புதியவரின் கண் கேள்விக்குள்ளாக்குவது அதன் கூடுதல் பயன்.

இப்பயன் விளைய வேண்டுமானால் கேள்வி குறுகியதாகவும் தெளிவாகவும் வகுக்கப்பட வேண்டும். அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரும், இயன்றால் கட்டுப்பாட்டாளர் ஒருவரும் வழிகாட்ட வேண்டும். வெற்றியோ தோல்வியோ முடிவு முழுமையாக எழுதிவைக்கப்பட வேண்டும். வகுப்பறையில் நிரல் ஓடினால் போதும். இங்கோ, அது எந்நிலையில் தவறும் என்பதையும், தவறும்போது மனிதருக்கு எவ்வாறு அறிவிக்கும் என்பதையும் எழுதியவரே காட்ட வேண்டும். அந்தப் பொறுப்புணர்வைக் கற்பிப்பதால்தான் கோடைப்பணியை மலிவான உழைப்பாகக் கருதாமல், பாதுகாப்புக்கான முதலீடாகவே நிறுவனங்கள் நடத்த வேண்டும்.