காற்றுமானி கணக்குத் தப்புவது எங்கே?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். வேப்பிலை லேசாகத்தான் அசைகிறது. மொட்டை மாடியில் இருக்கும் வானிலைக் கருவியோ மணிக்கு 90 கி.மீ. என்கிறது. உடனே சென்சாரை மாற்றக் கிளம்ப வேண்டாம்.

காற்றுமானியின் மூன்று கிண்ணங்கள் சுழலும் தண்டில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அது கடந்து போகும்போதெல்லாம், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டி விலகும். இதுதான் ரீட் சுவிட்ச். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில், நொடிக்கு ஒரு தட்டு, அதாவது ஒருமுறை ஒட்டி விலகுவது, என்றால் காற்றின் வேகம் மணிக்கு 2.4 கி.மீ. ஆனால் தகடுகள் ஒரேயடியாக ஒட்டுவதில்லை. தரையில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி துள்ளிவிட்டுத்தான் அடங்கும். ஒன்றை மூன்றாக எண்ணினால் வேகமும் மூன்று மடங்கு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள நேரத்தை வைத்து வேகம் பார்க்கும் நிரலாக இருந்தால் 90 என்ன, 900கூடக் காட்டும்!

இதற்கு மருந்து எளிது. 100 கி.மீ. காற்றிலேயே நொடிக்கு 42 தட்டுகள்தான். இடைவெளி சுமார் 24 மில்லிநொடி. துள்ளலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிநொடியில் தீர்ந்துவிடும். ஒரு தட்டை எண்ணியபின் 10 மில்லிநொடிக்கு வருவதை ஒதுக்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள். அப்படியும் 240 கி.மீ. வரை அளக்கலாம், அந்தக் காற்று வந்தால் கருவியே இருக்காது என்பது வேறு கதை.

கிண்ணம் உடைந்தால் கிடைத்ததை ஒட்டாதீர்கள். 1846-இல் அயர்லாந்தின் ராபின்சன் நான்கு கிண்ணக் காற்றுமானியைச் செய்தபோது, எந்த அளவுக் கிண்ணமானாலும் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடும் என்று நம்பினார். அது தவறு. கிண்ணமோ அதைத் தாங்கும் கையின் நீளமோ மாறினால் 2.4 என்ற கணக்கும் மாறும். பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம். தூசி பிடித்து, இளங்காற்றில் கிண்ணம் அசையவே அசையாது.

இத்தனையும் செய்தாலும், என் கணிப்பில் பெரிய பிழை கருவிக்கு வெளியேதான் இருக்கிறது. உலக வானிலை அமைப்பு சொல்வது திறந்தவெளியில் 10 மீட்டர் உயரம். தடைகள் அவற்றின் உயரத்தைப் போல் 10 மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். வெட்டவெளியிலேயே 3 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் சுழற்றிவிடும் காற்றை எந்த நிரலாலும் திருத்த முடியாது. புது சென்சாருக்கான காசை முதலில் ஒரு நல்ல கம்பத்தில் போடுங்கள். அதை எர்த் செய்யாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.