மலைப் பாடசாலைக்கு ஒரு மழைமானி

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். பலருடைய உடல்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. பிள்ளைகள் பலர் தப்பியது, அந்நேரம் பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் வீடிழந்த பெரியவர்களும் பிறகு தங்கியது கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள பாடசாலைகளின் வகுப்பறைகளில்தான்.

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் பாடசாலைக்கு எப்போதும் இந்த இரட்டை வேலை உண்டு. மழை பெய்யாத நாளில் அது பாடம் சொல்லும் இடம். மலை அசையும் நாளில் ஊரே அடைக்கலம் தேடி ஓடிவரும் இடம். ஆனால் அந்தப் பாடசாலை நிற்பதும் அதே மலையில்தான். தோட்ட நிர்வாகம் அந்தக் காலத்தில் பள்ளிக்கென்று விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத மூலையை. 1970களுக்குப் பிறகு அரசு பொறுப்பேற்று வகுப்பறைகளைக் கூட்டியபோதும் இடம் மாறவில்லை. சரிவை வெட்டிச் சமப்படுத்தி, பின்னால் செங்குத்தான மண்கரையும் முன்னால் பள்ளமுமாக நிற்கும் கட்டிடங்கள் பசறையிலிருந்து ஹல்துமுல்ல வரை எத்தனையோ.

தோட்டப் பாடசாலையின் பாதுகாப்பு என்றால் பல விடயங்கள் உண்டு. குளவிக் கூடு, மின்னல், சறுக்கும் ஒற்றையடிப் பாதை, மழையில் பெருகும் ஓடை என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் அதிக உயிரைக் கேட்பது மண்சரிவு. அதை முன்கூட்டி உணர உதவும் கருவிகளிலேயே எளியதும் மலிவானதும் மழைமானி. ஒரு தோட்டப் பாடசாலையில் கணினி அறை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பாக, மழைமானி இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதுளை அடங்கிய ஊவாவின் மழைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. தென்மேல் பருவத்தில் நுவரெலியாப் பக்கம் கொட்டும்போது, மத்திய மலைத்தொடரைத் தாண்டி இங்கே வந்து சேர்வது வறண்ட கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்போன மணத்தைத் தருவதும் அந்தக் காற்றுதான். ஒக்டோபர் பிறந்தால் நிலைமை தலைகீழ். இடைப்பருவ மழையும் அடுத்து வடகீழ்ப் பருவ மழையுமாகச் சேர்ந்து தை மாதம் வரை மலையை நனைக்கின்றன. பாடசாலையின் மூன்றாம் தவணையும் ஆண்டிறுதிப் பரீட்சைகளும் பெரும்பாலும் விழுவது இதே மாதங்களில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்றானது. உயர்தரப் பரீட்சை நடுவிலேயே நின்றுபோனது. பிள்ளைகளை அதிகமாக நடக்கவைக்கும் பருவமும் மலை அதிகமாக அசையும் பருவமும் இங்கே ஒன்றாகிவிட்டன.

மழைக்கும் சரிவுக்கும் என்ன தொடர்பு? கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீட்டை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரமான மணல் செங்குத்தாகவே நிற்கும். அதன்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அப்படியே அமர்ந்துபோகும். மண் துகள்களுக்கு இடையில் ஈரமும் காற்றும் கலந்து இருக்கும்வரை அந்த ஈரமே துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் நீர் நிரம்பியதும் இழுவை போய்விடுகிறது. நீர் துகள்களை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. கூடவே பாரமும் ஏறுகிறது. ஒரு ஹெக்டயர் சரிவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அங்கே விழுந்த நீர் 10 இலட்சம் லீற்றர், அதாவது 1000 தொன். ஒரு பகுதி வழிந்தோடும், மற்றது மண்ணில் இறங்கும். ஊவாவின் பழைய சரிவுகள் பலவற்றில் மேலே, எப்போதோ உருண்டு வந்து தேங்கிய மண்ணும் கற்களும். அடியில், நீரை எளிதில் உள்ளே விடாத பாறை. இறங்கும் நீர் பாறையின் தலையில் தேங்கி, மேல்மண் முழுவதையும் வழுக்கவைக்கிறது.

எனவே வானம் எவ்வளவு கறுத்தது, எவ்வளவு நேரம் பெய்தது என்பதெல்லாம் போதாது. எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று தெரிய வேண்டும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் களஞ்சிய முற்றத்தில் மழை அளக்கும் கலத்தை வைக்கச் சொல்கிறது. கொரியாவில் 1440களிலேயே மன்னர் சேஜோங்கின் அரசு ஒரே அளவான மழைமானிகளை வைத்து மழையைப் பதிந்தது. இரண்டும் விளைச்சலுக்கும் வரிக்குமானவை. நம் தோட்டங்களிலும் வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு மழை அளக்கப்பட்டு வந்தது, கொழுந்தின் கணக்குக்காக. உயிரைக் காக்கும் கணக்காக மழை மாறியது மிகப் பிந்தித்தான்.

இலங்கையில் அந்தக் கணக்கைப் பார்ப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 1984 இல் தொடங்கிய இந்நிறுவனம் 1990களில் மண்சரிவு அபாய வரைபடம் வரைய முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். மழையை வைத்து அது மூன்று படிகளில் எச்சரிக்கிறது. 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராகுங்கள். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு: இடத்தை விட்டு நீங்குங்கள். அங்குலத்தில் பேசிப் பழகிய தோட்டத்துப் பெரியவர்களுக்கு மூன்று, நான்கு, ஆறு என்று சொன்னால் உடனே மனதில் நிற்கும்.

நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் மலைநாட்டில் பரவலாக உள்ளன. அவற்றின் உள்ளே சிறு ஊஞ்சல்பலகையைப் போல இரண்டு பக்கமும் குழிந்த கிண்ணம் இருக்கும். ஒரு குழி நிறைந்ததும் பாரத்தால் கவிழ்ந்து மறுகுழி புனலுக்கு நேரே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு மின் துடிப்பு. துடிப்புகளின் எண்ணிக்கைதான் மழையளவு. அது தொலைபேசி வலையமைப்பு வழியே கொழும்புக்குப் போகிறது. அங்கிருந்து எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு திரும்பி வரும்.

பாடசாலைக்குச் சொந்த மழைமானி தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் எத்தனை மலை, எத்தனை பள்ளத்தாக்கு! பண்டாரவளையில் வெயில் அடிக்கும்போது பூனாகலையில் கொட்டும். ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழை வேறு. எங்கோ இருக்கும் கருவி நம் மலையின் மழையைச் சொல்லாது. கேரளத்தின் வயநாட்டில் ஹியூம் மையம் என்ற சூழலியல் அமைப்பு, இடத்துக்கிடம் மழை அளக்கும் ஒரு வலையமைப்பை நடத்தி வருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைச் சரிவு அழிப்பதற்கு முந்தைய நாளே, அளவு எல்லை மீறியதை வைத்து அந்த மையம் எச்சரித்திருந்தது. பக்கத்தில் அளந்ததால்தான் அது முடிந்தது.

கையால் அளக்கும் கருவிக்குப் பெரிய செலவில்லை. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, மூடியை நீக்கிவிட்டு, தலைகீழாகப் புனல்போல அதே போத்தலில் செருக வேண்டும். அடிப்பாகம் குழிந்து நெளிந்திருக்குமாதலால் சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து மேலே மில்லிமீற்றர் அடிமட்டத்தை ஒட்டினால் கருவி தயார். வாயின் விட்டமும் உடலின் விட்டமும் ஒன்றாக இருக்கும்வரை, ஏறும் உயரமே மழையின் அளவு. இதற்கு நெளிவில்லாத, பக்கம் நேரான போத்தலாகப் பார்த்து எடுக்க வேண்டும். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்கக் கூடாது. நிலத்தில் பட்டுத் தெறிக்கும் துளி விழாதபடி சற்று உயரத்தில், காற்றுக்குச் சாயாமல் கட்டி வைக்க வேண்டும்.

வழக்கமாக மழை அளப்பது காலை 8.30க்கு. பாடசாலை தொடங்கியதும் பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கத் தோதான நேரம்தான். ஆனால் இந்த ஒரு வாசிப்பை மட்டும் நம்பினால் ஆபத்து உண்டு. அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கிய மழை 8.30க்கு 60 மில்லிமீற்றர் காட்டுகிறது என்று வையுங்கள். குறித்துக்கொண்டு கொட்டிவிடுகிறோம். நண்பகலுக்குள் இன்னொரு 60. கொப்பியில் நேற்றைய கணக்கு 60, இன்றைய கணக்கு 60. இரண்டுமே மஞ்சளைத் தொடவில்லை. உண்மையில் மலைமேல் எட்டு மணித்தியாலத்துக்குள் 120 இறங்கிவிட்டது, செம்மஞ்சளைத் தாண்டி. ஆகவே அடைமழை நாளில் மணிக்கு ஒருமுறை வாசித்து, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும். ஐந்தாம் தரப் பிள்ளைக்கு இந்தக் கூட்டல் தெரியும். முந்தைய ஒரு வாரத்தின் மொத்தத்தையும் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது. ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மலைக்கு, காய்ந்த மலையைச் சரிக்கும் அளவு மழை தேவையில்லை.

அளவு தெரிந்துவிட்டது, அதிபர் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது சரியான விடையாக இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் போகும் பாதை இரண்டு ஓடைகளைக் கடந்து, ஒரு வெட்டுக்கரையின் அடியால் போகலாம். வீடு பாடசாலையைவிட மோசமான சரிவில் இருக்கலாம். பெற்றோர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். 1992 மே 8 ஆம் திகதி காலை ஹொங்கொங்கில் ஒரே மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டி, பள்ளிக்குப் புறப்பட்ட மாணவர்கள் தெருவில் திண்டாடினார்கள். அதற்குப் பிறகு வந்த நிற எச்சரிக்கை முறை தெளிவாக ஒன்றைச் சொல்கிறது: பள்ளி நேரத்தில் கடும் எச்சரிக்கை வந்தால், நிலைமை தேறும்வரை பிள்ளைகளை உள்ளேயே வைத்திருங்கள். நமது பாடசாலைகளில் இதற்கு ஒரே விடை கிடையாது. இந்தப் பாடசாலை நிற்கும் இடம் வரைபடத்தில் அபாய வலயமா, எந்த லயத்துப் பிள்ளைகளுடைய பாதை எங்கே வெட்டுப்படும், எங்கே கூட்டிப் போவது என்ற மூன்றும் ஒக்டோபருக்கு முன்பே பெற்றோரோடும் தோட்ட நிர்வாகத்தோடும் கிராம உத்தியோகத்தரோடும் பேசி முடிவாகியிருக்க வேண்டும். மழையில் நின்றுகொண்டு வலயக் கல்வி அலுவலகத்தின் தொலைபேசிப் பதிலுக்காகக் காத்திருக்கும் அதிபரின் கையில் மழைமானி இருந்து என்ன பயன்? வாசிக்கும் கைக்கே முடிவெடுக்கும் உரிமையும் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும்.

உள்ளே வைத்திருப்பதென்றாலும் எந்த அறையில் என்பது முக்கியம். மண்கரையை ஒட்டிய வகுப்பறைகள் முதலில் காலியாக வேண்டும். எல்லோரும் ஒன்றுகூடும் இடமாக வழக்கமாகச் சொல்லப்படுவது விளையாட்டு மைதானம். மலைப் பாடசாலையின் மைதானம் பெரும்பாலும் ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டி நிரப்பியது. கொட்டிய பக்கத்து விளிம்பு, பின்னாலுள்ள கரையைப் போலவே நம்ப முடியாதது.

மழைமானி சொல்லாததை மலை சொல்லும். தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, நேற்றுவரை திறந்த கதவு இன்று இறுகுவது, சாயும் கம்பமும் மரமும், இல்லாத இடத்தில் ஊற்று, பீலித் தண்ணீர் திடீரெனச் சேறாவது, கொட்டும் மழையிலும் ஓடையில் நீர் குறைவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது கொடியது: மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம், அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒன்றாக வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. விலகிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்க வேண்டும். மலைக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் தூர்ந்து கிடந்தால், வழிந்தோட வேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கும். மழைக்கு முன் அவற்றைத் துப்புரவாக்கித் தரும்படி தோட்டத்தைக் கேட்பதற்குப் பாடசாலைக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அறிந்தால் மட்டும் போதாது. மீரியபெத்தையில் அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு நிலம் இல்லை. லயமும் அதைச் சுற்றிய மண்ணும் அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்குச் சொந்தமில்லை. சரிவுக்குப் பிறகும் மக்கல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. மழைமானியால் ஒரு பிள்ளையை ஒரு பிற்பகலுக்குக் காப்பாற்ற முடியும். அபாய வலயத்தில் நிற்கும் பாடசாலையையும் லயத்தையும் இடம் மாற்றுவது அரசினதும் தோட்டக் கம்பனிகளினதும் கடமை. பிள்ளைகள் நன்றாக மழை அளக்கிறார்கள் என்பது அதைத் தள்ளிப்போடச் சாக்காகக் கூடாது.

மழை நின்ற பிறகு என்ன செய்வது என்பது மிஞ்சியிருக்கிறது. பலரும் தடுமாறும் இடம் இது. போத்தலில் மட்டம் ஏறாமல் நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டதாகத் தோன்றும். மேலே விழுந்த நீர் மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து பாறையைச் சேர மணித்தியாலங்களும் ஆகலாம், நாட்களும் ஆகலாம். வெயில் அடிக்கும்போது சரிந்த மலைகள் உண்டு. எப்போது விலகுவது என்பதை மழைமானியை வைத்து முடிவு செய்யலாம். எப்போது திரும்புவது என்பதை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெடிப்புக் கண்ட கரையையும் கட்டிடத்தையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை, அந்த வகுப்பறைகள் பூட்டியே இருக்கட்டும்.