உருகிப்போன ஸ்பிங்ஸ்

பிரிட்டனில் பனி கொட்டும் ஒவ்வொரு முறையும் நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "பூமி சூடாகிறது என்கிறீர்களே, இது என்ன?" 2018 பிப்ரவரி இறுதியில் அக்கேள்வி சற்று உரக்கவே ஒலித்தது. சைபீரியப் பக்கமிருந்து வீசிய கடுங்குளிர்க் காற்றால் அந்நாட்டின் சாலைகள் முடங்கின, பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், ஸ்காட்லாந்து மலையொன்றின் மடியில் கிடந்த சிறு பனித்திட்டு ஒன்று முற்றிலும் உருகி மறைந்தது. முதல் செய்தியை உலகமே அறியும். ஆனால், இரண்டாவதில்தான் கேள்விக்கான விடை இருக்கிறது.

அத்திட்டின் பெயர் ஸ்பிங்ஸ். கெய்ன்கார்ம் மலைத்தொடரில், 1,296 மீட்டர் உயரமுள்ள பிரேரியாக் மலையின் வடகிழக்கு நோக்கிய ஆழமான குடைவில் அது கிடக்கும். இது பனியாறு அன்று. குளிர்காலத்தில் மேட்டுச் சமவெளியிலிருந்து காற்று வாரிக் கொண்டுவந்து கொட்டும் பனியின் எச்சம். பாறைச் சுவர்களின் நிழலில் வெயில் படாமல் ஒதுங்கி, கோடையைத் தாண்டி அடுத்த பனிக்காலம்வரை தாக்குப்பிடிக்கும்.

1700களிலிருந்து 1933 வரை அது ஒருமுறைகூட முழுமையாக உருகியிருக்காது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1933இல் அது மறைந்தபோது ஸ்காட்லாந்து மலையேற்றக் கழகத்தினர் வியந்துபோய், இப்படி மீண்டும் நிகழ்வது அரிது என்று லண்டன் 'டைம்ஸ்' நாளேட்டுக்கு எழுதினார்களாம். அப்போது அது நியாயமான ஊகமே. பின்னர் 1959, 1996, 2003, 2006, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அது மறைந்தது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் மறைந்தது. ஆக 2024 வரை மொத்தம் பதினொரு முறை. அவற்றில் ஏழு, 2003க்குப் பிறகானவை.

இந்தக் கணக்கு நம்மிடம் இருப்பதற்குக் காரணம் சிலரின் பிடிவாதம். சூழலியலாளர் ஆடம் வாட்சன் பல பத்தாண்டுகள் இத்திட்டுகளைக் கண்காணித்தார். அவருக்குப் பின் இயன் கேமரன் அளவுநாடாவோடு மலையேறி அப்பணியைத் தொடர்ந்துவருகிறார். செயற்கைக்கோள் யுகத்திலும் ஒருவர் நேரில் போய்க் குனிந்து அளந்தால்தான் தெரியும் உண்மைகள் உண்டு.

பிரிட்டனின் பனி எப்போதுமே விளிம்பில் நிற்பது. அதன் அட்சரேகைக்குரிய குளிரை அட்லாண்டிக்கிலிருந்து வீசும் மேலைக்காற்று பெரிதும் தணித்துவிடுகிறது. துருவத்தைச் சுற்றி மேல்வானில் சுழலும் காற்று நிலைகுலைந்து, கிழக்கிலிருந்து குளிர் புகுந்தால் 2018 போல ஊரே உறையும். அத்தகைய வருகை சூடாகிவரும் உலகிலும் நிகழும். அது சில நாள் விருந்தாளி. மலைமேல் பனி தங்குமா என்பதைத் தீர்மானிப்பதோ பருவம் முழுவதற்குமான சராசரி வெப்பம்.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால், ஒரு டிகிரி வெப்பம் கூடினால் பனி நிற்கும் எல்லை சுமார் 150 மீட்டர் மேலேறிவிடும். இமயமலைக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். ஸ்காட்லாந்திலோ மிக உயர்ந்த பென் நெவிஸ் மலையே 1,345 மீட்டர்தான். அதற்கு மேல் ஏற இடமில்லை. ஒரு டிகிரியில் பனி மழையாகிவிடுகிறது.

ஒரு திட்டு உருகினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பிரேரியாக்கின் உச்சிச் சமவெளியில்தான் டீ ஆறு பிறக்கிறது (தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை). மலைப்பனி மெல்ல உருகி, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அந்த ஆற்றைக் குளிர்வித்துவந்தது. சால்மன் மீன்களுக்குக் குளிர்ந்த நீர் உயிர்நாடி. இப்போது கிளையாறுகளின் கரைகளில் நிழலுக்காக மரக்கன்றுகள் நடுகிறார்கள். பனி செய்துவந்த வேலையை இலைகளிடம் ஒப்படைக்கும் முயற்சி அது. மலை முயலின் நிலை இன்னும் பரிதாபம். குளிர்காலத்தில் அதன் உடல் வெண்ணிறமாகும். பனியில்லாத பழுப்பு நிலத்தில் அந்த வெண்மை கழுகுக்கு அழைப்பிதழாகிவிடுகிறது. பனித்திட்டின் ஓரங்களில் மட்டுமே வாழும் அரிய பாசிகளைப் புல் நெருக்குகிறது. இவை எதுவும் தலைப்புச் செய்தியாகப் போவதில்லை.

நமக்கு மார்கழிப் பனியும் பனிதான், இமயத்துப் பனியும் பனிதான். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியிலோ பனி தொடர்பான 421 சொற்களைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2015இல் திரட்டினர். பனியோடு அவ்வளவு நெருங்கி வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களிடையே ஒரு மரபுக் கதையும் வழங்குகிறது. பென் விவிஸ் மலையடிவாரத்தில் ஃபவுலிஸ் என்னும் இடத்து மன்ரோ குலத் தலைவர்கள், மன்னர் கேட்கும்போது நடுக்கோடையிலும் ஒரு பனிப்பந்து கொண்டுவந்து தருவதை நிபந்தனையாக ஏற்றே தங்கள் நிலத்தை ஆண்டார்களாம். நிலத்தை இழக்கும் அச்சமின்றி அவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மலையில் பனி இருக்கும் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.