பாற்பல் காலமே பார்க்கும் காலம்

எசேக்கியேல் இறைவாக்கினரின் காலத்தில், பெற்றோர் தின்ற புளித்த பழத்துக்கும் பிள்ளைகளின் பல்லுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசும் ஒரு பழமொழி இஸ்ராயேல் மக்களிடையே வழங்கி வந்தது. அப்பேச்சு இனிக் கூடாது என்று ஆண்டவர் விலக்கினார். ஒருவர் செய்த பாவத்துக்கு மற்றவர் பொறுப்பாளி அல்லர் என்பது அதன் கருத்து. பாவத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஆனால் உடல்நலத்தைப் பொறுத்தவரை, பெற்றோர் பாராமுகமாக இருந்த சில ஆண்டுகள் பிள்ளையின் பல்லில் வந்து தங்கிவிடுகின்றன என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

நம் குடும்பங்களில் பிள்ளைகளின் பல்லைப் பற்றிய கவலை எப்போது எழுகிறது? பெரும்பாலும் திருமணப் பேச்சு எழும்போதுதான். பெண்ணுக்குப் பல்லில் காவி ஏறியிருக்கிறது, பையனுக்கு முன்பல் தூக்கலாக இருக்கிறது என்று அப்போதுதான் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். அதற்குள் அந்தப் பிள்ளை, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டே பத்தாண்டுகளைக் கழித்திருக்கும். பல் என்பது அழகுக்காக மட்டும் அமைந்தது என்று எண்ணுவதே இத்தாமதத்துக்குக் காரணம். உண்மையில், பிள்ளை குடித்த நீரும் விட்ட மூச்சும் பல்லில் தம் அடையாளத்தைப் பதித்துச் செல்கின்றன.

முதலில் நீரைப் பார்ப்போம். திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. நம் மாவட்டத்து நிலக்கோட்டை ஒன்றியத்தில் இதுபற்றி நடத்தப்பட்ட ஆய்வு 2009-இல் அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் ஊரார் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு வியந்தார். குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்பது 1931-இல்தான் தெளிவாயிற்று. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் இருப்பதை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததற்கும் இத்தொல்லையே முக்கியக் காரணம்.

சிறிதளவு புளோரைடு சொத்தையைத் தடுக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியில்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால், பல்லின் மேலுறையாகிய எனாமல் சரிவர உருவாகாமல் வெண்கோடுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. மிகுதியான அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இங்கே பெற்றோர் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாற்பல் வாயில் இருக்கும்போதே, ஈறுக்குள் நிலையான பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. முன்பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். ஆகவே அந்த எட்டு ஆண்டுகளில் பிள்ளை குடிக்கும் நீரே பல்லின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பல் துலக்காத சோம்பேறி என்று அந்தப் பிள்ளையை ஏசுவது அநியாயம்.

ஆத்தூர் காமராசர் அணை நீரோ காவிரிக் கூட்டுக் குடிநீரோ வரும் இடங்களில், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துக. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்க. காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகவே செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டாம். அதிலும் புளோரைடு உண்டு. பற்பசையைப் பட்டாணியளவுக்கு மேல் கொடாமல், விழுங்காது துப்பப் பழக்குக. கறையைப் போக்கச் செங்கல் தூளும் கரியும் கொண்டு தேய்ப்பது உள்ள எனாமலையும் அழித்துவிடும்.

இனி மூச்சைப் பார்ப்போம். இரவில் வாயைத் திறந்து உறங்கிக் குறட்டை விடும் பிள்ளையை, அயர்ந்து தூங்குகிறது என்று சொல்லி மகிழ்கிறோம். மூக்கின் பின்னேயுள்ள அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கி வழியை அடைத்திருக்கக்கூடும். நாள்தோறும் வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு மேலண்ணம் குறுகி, முன்பற்கள் முன்னே தள்ளுவதுண்டு. வாய் உலர்வதால் சொத்தையும் ஈறு வீக்கமும் வரும். உறக்கம் கெடுவதால் வகுப்பில் கவனம் சிதறும். இத்தகைய பிள்ளைக்கு எடுத்தவுடன் கம்பி கட்டுவது போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் மூச்சுக்கு வழி செய்தல் வேண்டும். நான்கைந்து வயதுக்குப் பின்னும் விடாத விரல் சூப்பும் பழக்கமும் முன்பற்களைத் தூக்கிவிடும். தூக்கிய பல், விழுந்தால் எளிதில் உடையும்.

'விழப்போகிற பல்தானே' என்று பாற்பல்லின் சொத்தையை விட்டுவிடுவது மற்றொரு தவறு. ஆறு வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. பாற்பல்லை முன்னதாகவே பிடுங்கினால் அக்கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடமின்றிச் செய்துவிடும். அதுவே தெற்றுப்பல்லாகிறது. வெற்றிடத்தைக் காக்க மருத்துவர் சிறிய கம்பி வளையம் பொருத்துவார்; பின்னாளில் ஏற்படும் பெருஞ்செலவை அது குறைக்கலாம். அண்ணம் குறுகியிருந்தால் வளரும் வயதில் கருவி கொண்டு அதை விரிக்கலாம். எலும்பு இறுகியபின் அதற்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆகவேதான் ஏழு வயதில் ஒருமுறை பல்வரிசையைக் காட்டுவது நன்று என்கின்றனர் மருத்துவர்கள்.

காலம் கடந்தவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. கறையை மெல்லத் தேய்த்தெடுக்கவும், வெளுக்கவும், பல்நிறப் பூச்சால் மறைக்கவும் இன்று முறைகள் உள்ளன. வளர்ந்தவர்களுக்கும் கம்பி கட்டிப் பல்லைச் சீராக்கலாம்.

செலவை எண்ணித் தயங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். 2013-இல் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பற்களையும் பார்க்கிறது. குறையிருந்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறது. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-இல் திறக்கப்பட்டது. பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரும், பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஆளில்லாத வீடுகளுக்குத் துணை நிற்கலாம்.

நற்கருணை வாங்க வாய் திறக்கும் பிள்ளைகளை ஞாயிறுதோறும் காண்பவர்கள் குருக்களாகிய நாம். புதுநன்மை வகுப்பில் சேரும் வயதும், பல்லைக் காட்ட வேண்டிய வயதும் ஏறத்தாழ ஒன்றே. புத்தாடைக்கும் விருந்துக்கும் திட்டமிடும் பெற்றோரே, அவ்வாண்டில் ஒருநாளைப் பல் மருத்துவருக்கு ஒதுக்குங்கள்.

249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில் விசுவாசத்துக்காகப் பற்கள் நொறுக்கப்பட்டு உயிர்நீத்த புனித அப்போலோனியாவைப் பல்நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுகிறது. பிப்ரவரி 9 அவருடைய திருநாள். அன்று அவரிடம் மன்றாடுவோம். அத்தோடு பிள்ளையின் வாயை வெளிச்சத்தில் திறந்தும் பார்ப்போம்.