நமக்கேற்ற கணிப்பொறி

சொந்தமாக ஒரு கணிப்பொறி வேண்டும் என்று எண்ணாத கல்லூரி மாணவர் இன்று அரிது. கடையில் ஆயத்தமாக இருப்பதை வாங்கலாம். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்தியும் கொள்ளலாம். பின்னதில் பணம் நம் தேவைக்கேற்பச் செலவாகும். பழுதான உறுப்பை மட்டும் மாற்றவும் இயலும். ஆனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிவிடும். அப்பொறுப்பில் நான் தவறிய இடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் திருமயம் கோட்டையின் உச்சியில் ஒரு பீரங்கி இருப்பதை அனைவரும் அறிவோம். பீரங்கி எவ்வளவு பெரிதாயினும் அதன் வாய்க்குப் பொருந்தும் குண்டு இல்லையேல் பயன் என்ன? கணிப்பொறியின் முதல் விதியும் பொருத்தமே.

செயலியை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது அமரும் பொருத்துவாய் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் உள்ளது. ஏ.எம்.டி. நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி, ஏ.எம்.4 பலகையில் அமரும். 2022-இல் வந்த ஏ.எம்.5 பலகையில் அமராது. நினைவகமாகிய ராமும் அப்படியே. டி.டி.ஆர்.4 ராமின் விளிம்பிலுள்ள வெட்டு ஓரிடத்திலும், டி.டி.ஆர்.5 ராமின் வெட்டு வேறோரிடத்திலும் இருப்பதால் ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்று நுழையாது.

அடுத்து, எதற்கு எவ்வளவு செலவிடுவது? பாடக் குறிப்பு, நிரல் எழுதுதல், செய்முறை அறிக்கை ஆகியவற்றுக்கு நான்கு உள்ளகங்கள் கொண்ட செயலி போதும். ராம் 8 ஜி.பி. வாங்கி, ஒரு பள்ளத்தைக் காலியாக விட்டால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் ராம் விலை வெகுவாக ஏறியதை நினைத்தால், இந்தச் சிக்கனம் நியாயமானதே.

எஸ்.எஸ்.டி.யில் மட்டும் சிக்கனம் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றாலும், முள் ஒவ்வோரிடமாக நகர்ந்துதான் தகவலைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. ஆகவே பொறி விரைவில் விழித்தெழும்.

மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எவரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆயினும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட் முதலிய நேர்மின்னோட்டமாக மாற்றிக் கொடுப்பது அதுவே. அது மட்டமாயின் மற்ற எல்லா உறுப்புகளும் ஆபத்திலிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பொறிக்குத் தரமான 450 வாட் பெட்டி தாராளம்.

பயன்படுத்திய பொறி வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. அதற்கும் பழைய பொறியாயின் லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி என் கதை. அம்மா சீட்டு எடுத்துத் தந்த 30,000 ரூபாயில் உறுப்புகளை வாங்கினேன். செயலி ஐ3-12100எஃப். விலை சற்றுக் குறைவு என்பதே நான் கண்ட சிறப்பு. வீட்டில் எல்லாவற்றையும் பொருத்தி விசையை அழுத்தினேன். காற்றாடி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் விளக்கினார். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் கிராஃபிக்ஸ் பகுதி இயங்காது. தனிக் கார்டு வேண்டும். எஃப் இல்லாத ஐ3-12100 வாங்கியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிரித்த பெட்டியைக் கடையில் திரும்பப் பெறவில்லை. பழைய கார்டு ஒன்றை 2,000 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்திய பிறகே திரை ஒளிர்ந்தது. ஓர் எழுத்தைப் படிக்கத் தவறியதற்கு நான் கட்டிய அபராதம் அது.

கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்த குடும்பங்களிலிருந்து வரும் நமக்கு, இவற்றையெல்லாம் வீட்டில் கேட்டறிய ஆளில்லை. ஆகவே நண்பர்களே, வாங்கப் போகும் உறுப்புகளின் முழுப்பெயரையும் கடைசி எழுத்து உட்பட ஒரு தாளில் எழுதுங்கள். கணிப்பொறித் துறை ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ காட்டுங்கள். பிறகு கடைக்குச் செல்லுங்கள். என்னிடம் காட்டினாலும் மகிழ்ச்சியே. அந்த ஓர் எழுத்தை நான் இனி ஒருபோதும் தவறவிட மாட்டேன்.