தஞ்சாவூர் வீணை செய்வித்தல்

தஞ்சாவூர் வீணை பலா மரத்தைக் கையால் குடைந்து செய்யப்படும் தந்தி இசைக்கருவியாகும். இது 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்ட இன்றைய வடிவம், 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகக் கூறப்படுகிறது.

வீணை செய்யச் சொல்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஏகாண்ட வீணையா ஒட்டு வீணையா என்பதாகும். குடம், தண்டி, யாளி முகம் மூன்றும் ஒரே மரத்தில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்குப் பருத்த, முதிர்ந்த மரம் வேண்டும். ஆகவே விலையும் காத்திருப்பும் கூடும். மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறது. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில் நாதம் நன்றாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. முதிர்ச்சியும் நன்கு உலர்ந்திருப்பதுமே உண்மையில் கவனிக்க வேண்டியவை.

குடைவதும் செதுக்குவதும் முடிந்தாலும் வீணை பேசாது. மேளம் கட்ட வேண்டும். தேன்மெழுகுடன் கரித்தூள் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்புப்போல ஏற்றி, அதன்மேல் பித்தளை மெட்டுகளைப் பதிப்பதே மேளம் கட்டுதல். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள். ஒவ்வொன்றின் இடமும் காதால் கேட்டே தீர்மானிக்கப்படுகிறது. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு தந்திகளிலும் அதே மெட்டு சரியான சுரம் தர வேண்டும் என்பதே இதன் சிரமம். உயரமும் முக்கியம்: கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அடுத்த மெட்டில் பட்டால் இரைச்சல் எழும்.

இதனால் வாசிப்பவர் தம் சுருதியையும், பயன்படுத்தப்போகும் தந்திகளின் கனத்தையும் மேளம் கட்டும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பின்னர் வேறு கனத்தில் தந்தி மாட்டினால் சுரங்கள் விலகக்கூடும். மேளம் கட்டும் நாளில் நேரில் சென்று ஒவ்வொரு மெட்டையும் வாசித்துப் பார்ப்பது, யாளியின் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பயனுள்ளது.

மெழுகு வெப்பத்தில் இளகும். வெயிலில் நிற்கும் காரிலோ நீண்ட பயணத்திலோ மெட்டுகள் நகரலாம். பயன்பாட்டில் அவை தேயவும் செய்யும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வீணை வாங்கிச் செல்பவர், அங்கே மேளம் கட்டத் தெரிந்தவர் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வீணை மீண்டும் தஞ்சாவூருக்குத்தான் வர வேண்டியிருக்கும்.