கிழிந்த நோட்டைக் கமிஷனுக்குக் கொடுக்காதீர்கள்

வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் வந்து இறங்கிவிட்டால் நம் கடைகளுக்கு வெளியூர்க் கூட்டமும் வந்துவிடுகிறது. தண்ணீர் பாட்டில், பிஸ்கட் வாங்கிக்கொண்டு நீட்டுகிற நோட்டை அந்த நெரிசலில் விரித்துப் பார்க்க முடிவதில்லை. இரவு கல்லாவை எண்ணும்போது மூலை போனதும், டேப் ஒட்டியதுமாக இரண்டு மூன்று நோட்டு கிடக்கும். சரக்கெடுக்க மதுராந்தகம் வரும்போது அவற்றைக் கட்டின் நடுவில் வைத்து மொத்தக் கடையில் தள்ளிப் பார்ப்பார்கள். (நாங்களும் கட்டைப் பிரித்துத்தான் எண்ணுகிறோம்!) அங்கே செல்லாவிட்டால் கமிஷனுக்கு மாற்றித் தருபவரிடம் போய்விடும். தண்டமாகப் போகும் பணம் அது.

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி நோட்டு வெளியிடும் உரிமை அந்த வங்கிக்கே உண்டு. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் மத்திய அரசுடையது. நோட்டின் வடிவத்தை ரிசர்வ் வங்கியின் மத்திய போர்டு சிபாரிசு செய்ய, மத்திய அரசு ஒப்புதல் தருகிறது. கிழிந்த நோட்டுக்குப் பணம் தருவதைச் சட்டம் சலுகையாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சலுகைக்குத் திட்டமான விதிகள் உண்டு. அவை 2009-இல் வகுக்கப்பட்டு, 2018-இல் திருத்தப்பட்டன.

இருபது ரூபாய் வரையுள்ள நோட்டில், கிழியாமல் இருக்கும் பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். இல்லையேல் ஒன்றும் இல்லை. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் என்றால், நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 வரை இருந்தால் பாதிப் பணம். இதைப் பார்க்க ஒரு ஸ்கேல் போதும். இப்போதுள்ள 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 சென்டிமீட்டர். குறுக்கே நேராகக் கிழிந்திருந்தால், மீதி 12 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஐந்நூறும் கிடைக்கும். 6 முதல் 12 வரை என்றால் இருநூற்றைம்பது. மூலை மட்டும் போன நோட்டுக்கு எதற்காகக் கமிஷன்?

இரண்டாகக் கிழிந்து, இரு துண்டும் குறையின்றி இருந்தால் அதை வெறும் அழுக்கு நோட்டாகவே கொள்வார்கள்; முழு மதிப்பு உண்டு. ஆனால் ஒட்டிய நோட்டை வாங்கும்போது இரு பக்கத்து எண்ணும் ஒன்றுதானா என்று அவசியம் பாருங்கள். வேறு வேறு நோட்டின் துண்டுகளை ஒட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு. அதற்குப் பணம் வராது, வம்புதான் வரும். வேண்டுமென்றே வெட்டியது, அரசியல் அல்லது மத வாசகம் எழுதியது ஆகியவையும் தள்ளுபடி. கணக்குக் கிறுக்கியிருந்தால் செல்லாது என்பது புரளி.

மாற்றுவதற்கு அந்தக் கிளையில் கணக்கு இருக்கவேண்டியதில்லை, படிவமும் வேண்டாம். உடனே முடிவு செய்ய இயலாவிட்டால் ரசீது கேட்டு வாங்குங்கள். 30 நாளுக்குள் பணம் தரவேண்டும். “இங்கே மாற்றுவதில்லை” என்று கவுண்டரில் சொன்னால் திரும்பிவிடாமல் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் ஒரு மாதம் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

கடை தீப்பிடித்துக் கருகிய நோட்டையும், மழையில் நனைந்து கட்டியாக ஒட்டிப்போன நோட்டையும் கிளைகளில் வாங்கமாட்டார்கள். அவற்றைப் பிரிக்க முயலாமல், கிடைத்தபடியே ஒரு டப்பாவில் வைத்து, சென்னை ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குக் கொண்டு போகவேண்டும்.